அப்பாவின் தறி மரத்தில் மேசையும் பெஞ்சும் செய்ய முடியுமா?

அம்மாப்பேட்டை மகள்:

வணக்கம். எங்கள் வீட்டுக் குழித்தறியைப் போன மாதம் பிரித்துவிட்டோம். அப்பா அதில் முப்பத்தெட்டு ஆண்டுகள் நெய்தார். முதலில் வெண்பட்டு வேட்டி, பிறகு பூ வேலைப்பாட்டை நெய்ய உதவும் ஜக்கார்டு பெட்டி ஏற்றிப் பட்டுச் சேலை. முழங்கால் வலி வந்தபின் நான்கு ஆண்டுகளாகத் தறி சும்மா நின்றது. குழியை மூடித் தரை போடுகிறோம். பழைய மரம் வாங்குபவர் வந்து பார்த்துவிட்டு விறகு விலை சொன்னார். அப்பா ஒன்றும் பேசவில்லை. நெய்பவர் முன்னால் இருந்து நெய்த துணியைச் சுற்றிக்கொள்ளும் படமரத்தை மட்டும் தூக்கிக்கொண்டுபோய்த் தன் கட்டிலுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்துக்கொண்டார்.

பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகள் தரையில் உட்கார்ந்து எழுதுகிறாள். அவளுக்கு இந்த மரத்திலேயே மேசையும் பெஞ்சும் செய்ய ஆசை. நான்கு கால்கள், ஆறடி நீளத்தில் இரண்டு சட்டங்கள், உட்காரும் பலகை, குறுக்கு நூலை ஓட்டும் ஐந்து நாடாக்கள், ஒரு சாக்கு நிறைய துளையிட்ட ஜக்கார்டு அட்டைகள் இருக்கின்றன. மரமெல்லாம் ஆணி, பாதிக்குப் பச்சை பெயிண்ட். குழிக்குள் நின்ற கால்களில் இரண்டைச் செல் அரித்திருக்கிறது. இழைக்கிற கூலிக்குப் புது மேசையே வாங்கிவிடலாம் என்கிறார் ஒரு தச்சர். அப்படித்தானா?

சேலம் குகைப் பகுதித் தச்சர்:

அம்மா, விறகுக்குக் கொடுத்துவிடாதீர்கள். இருபத்தாறு வருடமாகப் பழைய நிலை, கதவு, உத்திரம் வாங்கி வேலை செய்கிறேன். கூலி கூடுதல்தான், அதை மறைக்கவில்லை. ஆனால் இத்தனை காலம் காய்ந்து அடங்கிய மரம் இனி எளிதில் முறுக்காது. இன்று கடையில் அந்தத் தரத்தில் கிடைப்பது அரிது.

முதலில் இழைப்புளியைத் தொடாதீர்கள். பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றை வாங்கி மரத்தின் மேல் மெல்ல நகர்த்துங்கள். எங்கே இழுக்கிறதோ அங்கே சுண்ணக்கட்டியால் வட்டம் போடுங்கள். இதைச் செய்யாமல் ஒரு முறை மெஷினில் விட்டேன், தலை ஒடிந்து உள்ளே கிடந்த ஆணி பட்டு மூன்று பிளேடும் பல்லுப் பல்லாகப் போய்விட்டன. ஆணியின் முனை வெளியே தெரிந்தால் பின்பக்கமாகத் தட்டித் தலையைக் கிளப்புங்கள். குறடுக்கு அடியில் மரச்சில்லு ஒன்றை வைத்து நெம்புங்கள், மரம் அமுங்காது. ஆணியைச் சுற்றி மை கொட்டியது போலக் கறுத்திருக்கும். இரும்பும் மரத்திலுள்ள துவர்ப்பும் சேர்ந்த கறை அது. ஆக்சாலிக் அமிலக் கரைசல் அதை எடுக்கும், ஆனால் அது நஞ்சு, கையுறை வேண்டும், பிறகு நன்றாகக் கழுவ வேண்டும். நானானால் கறையை விட்டுவிடுவேன்.

பச்சை பெயிண்டில்தான் எனக்குக் கவலை. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) அளவைத் தாண்டக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்ததில் ஈயம் இருக்கலாம். உலர்ந்த மரத்தில் உப்புத்தாள் போட்டுத் தூசி கிளப்பாதீர்கள். முகக்கவசத்தோடு, ஈரப்படுத்தி, வீட்டுக்கு வெளியே சுரண்டுங்கள். சுரண்டியதைப் பையில் கட்டிவிடுங்கள்.

செல் அரித்த கால்களைத் தட்டிப் பாருங்கள். பொத்தென்று கேட்கும் இடத்துக்கு மேலே அறுத்துவிடுங்கள். மேசைக்கு 28 அங்குலக் கால் வேண்டும், அதற்கு நல்ல கால் இரண்டும் சட்டங்களில் மிஞ்சும் துண்டும் போதும். பெஞ்சுக்கு 17 அங்குலம் போதும், அரித்த கால்களை அறுத்து அதற்கு வையுங்கள். மூட்டுகளுக்கு இரும்பு வேண்டாம், ஒரு மரத்தின் முனையைச் செதுக்கி மற்றதன் துளையில் செருகும் கழுந்து போட்டு மூங்கில் ஆணி அடிக்கலாம்.

படமரத்தில் உங்கள் அப்பாவின் வயிறும் முன்கையும் பட்டுப்பட்டு ஓரிடம் மழுங்கி வழவழப்பாகியிருக்கும். அதன் மேல் இழைப்புளி படவே கூடாது. அவர் சம்மதித்தால் பெஞ்சுக்குச் சாய்மானமாக வையுங்கள். பேத்தியின் முதுகு அங்கே சாயட்டும்.

ஏற்காட்டுக்காரர்:

தோட்டத்தில் பிடுங்கிய பழைய காபிச் செடிகளின் அடிமரத்தில் கரண்டியும் கைத்தடியும் செய்கிறேன். தச்சர் ஐயா சொன்னதோடு ஒன்று மட்டும். குழியிலிருந்து எடுத்த கால்களில் ஈரம் இருக்கும். நிழலில், காற்றாட, அடியில் கட்டை கொடுத்து ஒரு மாதம் விடுங்கள். கடைசியில் ஆளிவிதை எண்ணெய் பூசினால், துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். அது தானாகவே தீப்பிடிக்கக்கூடும். விரித்துக் காயவையுங்கள்.

என்ன மரம் என்று தெரியாவிட்டால் ஒரு சீவலைக் கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் ஊறவைத்து வெயிலில் பாருங்கள். நீலம் மின்னினால் வேங்கை.

இளம்பிள்ளைத் தறிக்காரர்:

அக்கா, அட்டைச் சாக்கை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு அட்டையும் ஊடையின், அதாவது குறுக்கு நூலின், ஓர் ஓட்டம். வரிசை கலையாமல் கயிற்றோடு இருந்தால் அந்தக் கரை முழுவதும் அதில் இருக்கிறது. எந்தக் கரை என்று அப்பாவைக் கேட்டு முதல் அட்டையில் எழுதி வையுங்கள்.

அம்மாப்பேட்டை மகள்:

எல்லோருக்கும் நன்றி. கால்களை நிழலில் அடுக்கிவிட்டோம், 43 ஆணிகள் வந்திருக்கின்றன. படமரத்தின் அடிப்பக்கத்தில் சிறு சீவல் எடுத்துத் தம்ளரில் போட்டோம். நீலம் வந்தது. அப்பா தம்ளரைக் கையில் வாங்கி வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சாய்மானத்தைப் பற்றிச் சொன்னேன். "வழவழப்பு முன்பக்கம் வரட்டும்" என்றார். பிறகு அட்டைச் சாக்கைக் கேட்டார். மூன்று கட்டுகளுக்குப் பெயர் எழுதியாகிவிட்டது. நான்காவதைக் கையில் வைத்துக்கொண்டு இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.