மாசியில் மலை ஏறலாமா? எங்கள் தெருக் குழுவில் நடந்த பேச்சு

குழு: வடவள்ளி (கோவை), நம்ம தெரு

தீபா: எல்லாருக்கும் வணக்கம். ஞாயிற்றுக்கிழமை பசங்களோடு எங்காவது மலை ஏறலாம் என்று இருக்கிறோம். மலையேற்றத்துக்கு வனத்துறை நடத்தும் ட்ரெக் தமிழ்நாடு தளத்தில் எந்தப் பாதைக்கும் பதிவு நடக்கவில்லையே, ஏன்?

கார்த்தி: காட்டுத்தீ பிடிக்கும் காலம் அக்கா. பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை மூடிவிடுவார்கள். 2024 அக்டோபரில் 40 பாதைகளோடு ஆரம்பித்தார்கள், 2025 பிப்ரவரியிலேயே இப்படி மூடினார்கள்.

தீபா: ஓ! என் தோழி ஒருத்தி, தெரிந்த ஆள் இருக்கிறார், தேனி மாவட்டத்துக் குரங்கணிப் பக்கம் கூட்டிப்போவார் என்கிறாளே?

ராமசாமி அண்ணன்: வேண்டவே வேண்டாம் கண்ணு. 2018 மார்ச் 11 மறந்துவிட்டதா? அதே குரங்கணி மலையில்தான் காட்டுத்தீயில் சிக்கி 20 பேருக்கு மேல் இறந்தார்கள். சென்னையிலிருந்தும் நம்ம ஈரோடு, திருப்பூர் பக்கமிருந்தும் போன பிள்ளைகள்.

ராமசாமி அண்ணன்: மாசி, பங்குனியில் மலைப்புல் சருகாகக் காய்ந்து ஆள் உயரத்துக்கு நிற்கும். சரிவில் தீப் பிடித்தால் அனல் மேலே ஏறி, மேலே இருக்கிற புல்லை முன்கூட்டியே காய வைத்துவிடும். அதனால் தீ மேல்நோக்கித்தான் வேகமாக ஓடும், மனிதக் காலால் முந்த முடியாது. புகை தெரிந்தால் மேட்டில் ஏறாதீர்கள், புல்லுக்குள்ளும் போகாதீர்கள். வெறும் பாறையோ ஏற்கெனவே எரிந்து முடிந்த இடமோ இருந்தால் அங்கே போக வேண்டும். பாலியஸ்டர் துணி உருகி உடம்பில் ஒட்டும், பருத்திதான் நல்லது.

தீபா: படிக்கவே பதறுகிறது அண்ணா. தோழியிடமும் சொல்லிவிடுகிறேன்.

செல்வம்: பக்தர்கள் ஏழு மலை ஏறிப் போகிற வெள்ளியங்கிரி திறந்திருக்கிறதே அண்ணா? நாங்கள் சனி இரவு ஏறுகிறோம். அப்பாவும் வருகிறேன் என்கிறார்.

ராமசாமி அண்ணன்: அப்பாவுக்கு பிபி மாத்திரை ஓடுகிறதே தம்பி. இதய நோய், ரத்தக்கொதிப்பு, மூச்சிரைப்பு உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று வனத்துறையே சொல்கிறது. ஏறும்போது மயங்கி விழுந்து இறந்த செய்தி வருடாவருடம் வருகிறது. அவர் பூண்டியில் அடிவாரக் கோயிலில் கும்பிட்டுக்கொள்ளட்டும்.

செல்வம்: பிடிவாதம் பிடிப்பார் அண்ணா.

சாந்தி அக்கா: நான் பேசுகிறேன் செல்வம், எனக்குக் கட்டுப்படுவார் 🙏

ராமசாமி அண்ணன்: முதல் மலைப் படிகளிலேயே வேகம் காட்டி மூச்சு வாங்குகிறவர்கள்தான் அதிகம். மெதுவாக ஏறு. மூங்கில் தடி கட்டாயம் வேண்டும், ஏறுவதைவிட இறங்கும்போதுதான் முழங்கால் அதைத் தேடும். ஆளுக்கொரு டார்ச், மேலே அடிக்கிற குளிர்காற்றுக்கு ஸ்வெட்டர். அடிவாரத்தில் யானை நடமாட்டம் உண்டு, தனியாகப் பிரிந்து போகாதே. கற்பூரமோ பீடியோ வழியில் கூடவே கூடாது, ஒரு பொறி போதும்.

கார்த்தி: மலையில் சிக்னலும் சரியாகக் கிடைக்காது. நாலாவது, அஞ்சாவது மலையில் ஒருவர் விழுந்தால் டோலி கட்டித்தான் இறக்க வேண்டும். சீசன் முடியும்வரை வழியில் இரண்டு இடத்திலாவது முதலுதவி ஆளும் வாக்கிடாக்கியும் வேண்டும் என்று வனத்துறைக்கு மனு கொடுத்தால் என்ன?

ராமசாமி அண்ணன்: நல்ல யோசனை. வழுக்குப் பாறைகளில் கைப்பிடிக் கயிறு, ஒவ்வொரு மலைக்கும் மீதித் தூரம் எழுதிய பலகை, இதையும் சேர். பாதி வழியில் திரும்பலாமா என்று முடிவெடுக்க அந்தப் பலகைதான் உதவும். அப்புறம் தீ பரவாமல் இருக்கப் புல்லை அகற்றி தீத்தடுப்புக் கோடு வெட்டுகிற வேட்டைத் தடுப்புக் காவலர்களுக்கு நல்ல பூட்ஸ், தண்ணீர் கேட்டு ஒரு பத்தி எழுது. நாம் பத்திரமாக இறங்குவது அவர்கள் வேலையால்தான்.

தீபா: அப்போது பசங்களுக்கு ஞாயிறு என்ன செய்வது?

சாந்தி அக்கா: பக்கத்திலேயே மருதமலை இருக்கிறதே! 800 படிக்கு மேல். விடிந்ததும் ஏறி, வெயில் ஏறுவதற்குள் இறங்கிவிடலாம். நானும் வருகிறேன்.

தீபா: சரி அக்கா, 6 மணிக்கு வாசலில் நிற்கிறோம். கார்த்தி, மனுவை அனுப்பு, நான் பிரின்ட் எடுத்து வீடு வீடாகக் கையெழுத்து வாங்குகிறேன்.

கார்த்தி: இன்று இரவே அனுப்புகிறேன் அக்கா 👍