புதுப்பிப்பு: கடல்பாசிச் சாறு தெளித்த குறுவை நெல் அறுத்தாச்சு

ஆடியில் இங்கே கேட்டிருந்தேன்: ஏடிடீ 43 நெல் ரகத்துக்குக் கடல்பாசிச் சாறு தெளித்தால் பலன் உண்டா, கடைக்காரர் பேச்சுதானா என்று. "ஒரு மாவைத் தெளிக்காமல் விட்டுப் பாருங்க" என்றார் ஒரு அண்ணன். (மா என்றால் ஏக்கரில் சுமார் மூன்றில் ஒரு பங்கு.) அப்படியே செய்தேன்.

இரண்டு மாவுக்கு, தூர் கட்டும்போது ஒருமுறை, பொதிக்கட்டில் (கதிர் வெளியே வருவதற்கு முன்) ஒருமுறை. லிட்டர் தண்ணீருக்கு 3 மில்லி, வெயில் தாழ்ந்த பிறகு. முதல் நாளே பாட்டிலைக் குலுக்காமல் ஊற்றிவிட்டேன். அடியில் இருந்த கசடு கடைசி டேங்கில் இறங்கி, நாசில் அடைத்து, வரப்பில் உட்கார்ந்து ஊசியால் குத்திக்கொண்டிருந்தேன். மறுமுறை அப்பாவின் பழைய வேட்டியில் வடிகட்டினேன். கருவாட்டு வாடை இன்னும் போகவில்லை, அம்மா திட்டுகிறார்.

தெளித்த இரண்டும் மாவுக்கு 12, 11½ மூட்டை. தெளிக்காதது 11. ஆனால் அது மேட்டுப் பக்கம், தண்ணீர் சரியாக நிற்காது. அதனால் அந்த வித்தியாசம் முழுக்கச் சாறால்தான் என்று நான் சத்தியம் பண்ணமாட்டேன். கண்ணுக்குத் தெரிந்தது, கதிரின் அடியில் பதர் குறைவு.

ஒன்று புரிந்தது: இது உரம் இல்லை. ஆக்சின், சைட்டோகைனின் மாதிரி வளர்ச்சி ஊக்கிகளும் கொஞ்சம் சாம்பல் சத்தும் (பொட்டாஷ்) தான். இதை நம்பி யூரியாவைக் குறைத்த பக்கத்து வயல் மாமா பயிர் வெளுத்துப்போய், திரும்ப மேலுரம் போட்டார்.

குறுவைக்கு அடுத்து வரும் தாளடிக்கு மேட்டு மாவில் தெளித்து, பள்ளத்து மாவைத் தெளிக்காமல் விட்டுப் பார்க்கிறேன்.