பிராண்டிவைன் தக்காளி: காய் அடியில் கறுக்கிறது, பூ உதிர்கிறது. என்ன செய்யலாம்?

புழக்கடை_நியூஜெர்சி (ஜூலை 19)

வணக்கம். நியூ ஜெர்சியில் வீட்டின் பின்பக்கம் மூன்று வருடமாகத் தக்காளி போடுகிறேன். இதுவரை கடையில் வாங்கிய ஹைபிரிட் நாற்றுதான், பெரிய தொல்லை எதுவும் இருந்ததில்லை. இந்த வருடம் ஆசைப்பட்டு ஏர்லூம் (தலைமுறையாக விதை எடுத்து வளர்க்கிற பழைய) ரகங்களில் இறங்கினேன். பிராண்டிவைன் மூன்று, செரோக்கி பர்ப்பிள் இரண்டு, எல்லாம் விதையிலிருந்து நானே வளர்த்தவை. மே 20 வாக்கில் உயரப் பாத்தியில் நட்டேன். இப்போது செடி என் தலைக்கு மேல் நிற்கிறது. இலை அப்படியே கரும்பச்சை. வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரர்கூட எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார். காய்தான் இல்லை.

முதலில் பிடித்தது ஒன்பது காய். அதில் ஆறு, எலுமிச்சை அளவு வந்ததும் அடியில் நீர் கோத்த மாதிரி ஒரு பழுப்புத் திட்டு விழுந்து, நாலே நாளில் கறுத்து, செருப்புத் தோல் மாதிரி காய்ந்துவிட்டது. மீதி மூன்றில் ஒன்று, நாலு காயைச் சேர்த்துத் தைத்த மாதிரி கோணல்மாணலாக வருகிறது. அப்புறம் ஜூலை முதல் வாரத்திலிருந்து பூவெல்லாம் காம்பில் இருக்கிற முட்டியோடு மஞ்சளாகி உதிர்கிறது. காலையில் போய்ப் பார்த்தால் செடிக்கு அடியில் பூ விரித்துக் கிடக்கிறது.

தண்ணீர்: டைமர் வைத்த ஸ்பிரிங்க்ளர், தினமும் 10 நிமிடம். உரம்: நடும்போது கம்போஸ்ட். ஏப்ரலில் ஊரிலிருந்து வந்த அம்மா, வாரம் ஒருமுறை கடலைப் புண்ணாக்கு ஊறவைத்த தண்ணீர் ஊற்றுகிறார். வேறு என்ன போடலாம், சொல்லுங்கள்.

கொல்லைப்புறம்

அடி கறுப்பது கால்சியம் பற்றாக்குறை. முட்டை ஓட்டைப் பொடித்துத் தூரில் போடுங்கள். கூடவே எப்சம் உப்பு ஒரு ஸ்பூன் தண்ணீரில் கலந்து ஊற்றுங்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான் சரியானது.

மண்வெட்டி_பென்சில்வேனியா

கொல்லைப்புறம் சொல்வதில் பாதி சரி. காய்க்குக் கால்சியம் போகவில்லை என்பது உண்மை, ஆனால் மண்ணில் இல்லை என்று அர்த்தமில்லை. முட்டை ஓடு மக்கிக் கரைவதற்குள் இந்த வருடத் தக்காளி முடிந்துவிடும். எப்சம் உப்பு வேண்டவே வேண்டாம். அது மக்னீசியம், வேரில் கால்சியத்தோடு போட்டிக்கு நிற்கும். உங்கள் வீட்டில் சரியானதற்கு வேறு காரணம் இருக்கும். பெரும்பாலும் முதல் கொத்துக் காய்தான் இப்படிக் கெடும், அடுத்த கொத்து தானாகவே தேறிவிடும். புகழ் உப்புக்குப் போய்ச் சேரும்.

புழக்கடை, எதையும் போடுவதற்கு முன் மூன்று விஷயம் சொல்லுங்கள். ஸ்பிரிங்க்ளர் நின்று ஒரு மணி நேரம் கழித்து, நீளமான ஸ்க்ரூடிரைவரைப் பாத்தியில் குத்தி எடுத்தால் எவ்வளவு ஆழத்துக்கு ஈரம் ஒட்டியிருக்கிறது? மண்மேல் மூடாக்கு ஏதாவது உண்டா? ஜூன் கடைசியில் வெளியூர் போனீர்களா?

புழக்கடை_நியூஜெர்சி

கடைசிக் கேள்வி எப்படி வந்தது என்று தெரியவில்லை! ஜூன் 24 முதல் ஐந்து நாள் எல்லோரும் நயாகரா போயிருந்தோம். திரும்பி வந்தால் டைமரில் பேட்டரி தீர்ந்து கிடந்தது. செடி தொங்கிப்போயிருந்ததால் அன்று ராத்திரி அம்மா பக்கெட் பக்கெட்டாக ஊற்றினார்.

ஸ்க்ரூடிரைவரை இப்போதுதான் குத்திப் பார்த்தேன். மேலே ஒரு அங்குலம் சேறு. அதற்குக் கீழே காபிப்பொடி மாதிரி உலர்ந்த மண், விரலில் ஒட்டக்கூட இல்லை. மூடாக்கு எதுவும் போடவில்லை.

மண்வெட்டி_பென்சில்வேனியா

அவ்வளவுதான், ஆள் பிடிபட்டாயிற்று. கால்சியம் செடிக்குள் தண்ணீரோடுதான் ஏறும். எங்கே நீர் ஆவியாகிறதோ அங்கே போய்ச் சேரும். இலையில் ஆவியாவது அதிகம், காயில் மிகக் குறைவு. வேருக்குத் தண்ணீர் தட்டினால் கிடைக்கிற கொஞ்சத்தையும் இலை இழுத்துக்கொள்ளும், காயின் அடிப்பக்கம் கடைசிப் பந்திதான். அதிலும் நீங்கள் புண்ணாக்கு ஊற்றி இலையை வளர்த்து வைத்திருக்கிறீர்கள். கடலைப் புண்ணாக்கில் தழைச்சத்து ஏறக்குறைய 7 சதவீதம். வேலிக்காரர் எட்டிப் பார்த்து ரசிக்கிற அந்த இலைதான் காயின் பங்கைத் தின்கிறது.

செய்ய வேண்டியது இது. கறுத்த காயையெல்லாம் பறித்து எறியுங்கள், அவை தேறாது. ஸ்பிரிங்க்ளரை நிறுத்துங்கள். இலையை நனைத்து நனைத்து இலைப்புள்ளி நோயை வரவழைப்பதுதான் அது செய்கிற வேலை. தூரைச் சுற்றி சொட்டுநீர்க் குழாய் ஓட்டி வாரம் இரண்டு முறை, சுடுவெயில் என்றால் மூன்று முறை, ஸ்க்ரூடிரைவர் எட்டு அங்குலம் ஈரமாக வருகிற வரை விடுங்கள். மேலே மூன்று அங்குலத்துக்கு வைக்கோல் பரப்புங்கள். புண்ணாக்கை நிறுத்துங்கள். சந்தேகம் தீரவில்லையென்றால் ரட்கர்ஸ் பல்கலைக்கழக ஆய்வகத்துக்கு மண் அனுப்பிப் பாருங்கள். அமில-காரத்தன்மை (pH) 6.2 முதல் 6.8-க்குள் இருந்தால் முட்டை ஓட்டை மறந்துவிடலாம்.

டெக்சாஸ்_அக்கா

பூ உதிர்வது தனிக் கதை தம்பி. பகல் 90 டிகிரியைத் தாண்டி, இரவும் 75-க்குக் கீழே இறங்காமல் இருந்தால் (நம்மூர்க் கணக்கில் 32, 24) மகரந்தம் வீணாகிவிடும். பூ ஒன்றும் ஆகாமல் முட்டியில் கழன்றுவிடும். பெரிய காய் ரகங்களுக்கு இந்த ரோஷம் ஜாஸ்தி. செர்ரி தக்காளி அதே வெயிலில் காய்த்துக்கொண்டே இருக்கும். இங்கே எனக்கு ஜூலை, ஆகஸ்ட் இரண்டு மாதமும் பூ மட்டும்தான். உங்கள் ஊரில் வெப்ப அலை இறங்கியதும் தானாகப் பிடிக்கும். அதுவரை காலை பத்து மணி வாக்கில், ஓடுகிற எலக்ட்ரிக் டூத்பிரஷ்ஷின் பின்பக்கத்தைப் பூக்காம்பில் இரண்டு நொடி வையுங்கள். வெயில் விழுகிற பக்கம் பார்த்தால் மஞ்சள் தூள் பறப்பது தெரியும். அந்த பிரஷ்ஷை மறுபடி குளியலறையில் வைக்காதீர்கள், அனுபவத்தில் சொல்கிறேன்.

கோணல் காயை எறிய வேண்டாம். குளிரில் பல பூ ஒட்டிக்கொண்டு ஒரே பூவாக வந்ததன் விளைவு அது. எடைப் போட்டிக்கு வளர்க்கிறவர்கள் அதைத்தான் தேடித் தேடி வைத்துக்கொள்கிறார்கள். 1986-ல் ஓக்லஹோமாவில் 3.51 கிலோவுக்கு ஒற்றைத் தக்காளி விளைந்திருக்கிறது. நறுக்குவதுதான் பாடு.

புழக்கடை_நியூஜெர்சி

குழாயும் வைக்கோலும் போட்டாயிற்று. அம்மாவிடம் புண்ணாக்கு வேண்டாம் என்று சொன்னதுதான் கஷ்டமாக இருந்தது. "செடிக்குச் சோறு போடாதேன்னு சொல்றவனை இங்கதான் பார்க்கிறேன்" என்று ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை.

புழக்கடை_நியூஜெர்சி (செப்டம்பர் 22)

நிலவரம் சொல்ல மறந்துவிட்டேன். மண் ஆய்வில் 6.5 வந்தது. ஜூலை கடைசியில் இரவு 66-க்கு இறங்கியது, அந்த வாரம் பிடித்த காய்கள்தான் இப்போது பழுக்கின்றன. மொத்தம் பதினான்கு. அடியில் கறுப்பு ஒன்றில்கூட இல்லை. பெரிய பிராண்டிவைன் சமையலறைத் தராசில் 640 கிராம் காட்டியது. போன வாரம் பேய்மழை பெய்ததில் மூன்று மட்டும் தோள்பட்டையில் வெடித்துவிட்டன.

அம்மா ஒரு துண்டில் உப்பு தொட்டுச் சாப்பிட்டுப் பார்த்தார். "சும்மா தின்ன நல்லா இருக்கு, ரசத்துக்கு ஆகாது, நாட்டுத் தக்காளிப் புளிப்பு இல்லை" என்று தீர்ப்பு. ஆனாலும் அடுத்த மாதம் ஊருக்குப் போகும்போது விதை கொண்டுபோக வேண்டுமாம். அப்படியே பிழிந்து காயவைத்தால் போதுமா?

மண்வெட்டி_பென்சில்வேனியா

மழை வருகிறது என்று தெரிந்தால், அடியில் லேசாக நிறம் மாறியதுமே பறித்து மேடையில் வைத்துவிடுங்கள், ருசி குறையாது. ஃபிரிட்ஜில் மட்டும் வைக்காதீர்கள்.

விதையை ஜவ்வோடு கிண்ணத்தில் பிழிந்து இரண்டு மூன்று நாள் நொதிக்க விட்டு, கழுவிக் காயவையுங்கள். ஒரு எச்சரிக்கை: பிராண்டிவைன் பூவில் சூல்முடி (மகரந்தத்தை ஏற்கிற நுனி) பல நேரம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பக்கத்தில் செரோக்கி இருந்திருக்கிறது, தேனீக்கள் இரண்டின் மகரந்தத்தையும் கலந்துவிட்டிருக்கலாம். அடுத்த வருடம் பூவிலேயே சின்ன வலைப்பை கட்டுங்கள்.

டெக்சாஸ்_அக்கா

விதையை இந்தியாவுக்குள் கொண்டுபோக அனுமதியும் தாவர நலச் சான்றும் வேண்டும் தம்பி, பையில் போட்டுக்கொண்டு போகிற விஷயமில்லை. முறைப்படி போய்ச் சேர்ந்தால் ஆவணி கடைசியில் விதைக்கச் சொல்லுங்கள். மார்கழி, தை இரவுக் குளிரில் பூக்க வேண்டும். சித்திரையில் பூத்தால் அங்கேயும் காலையில் பூ விரித்துத்தான் கிடக்கும்.

புழக்கடை_நியூஜெர்சி

சான்று விஷயத்தை அம்மாவிடம் சொன்னேன். "அப்போ எனக்கு என் நாட்டுத் தக்காளியே போதும்" என்கிறார். விதை இங்கேயே ஒரு கவரில் இருக்கிறது, அடுத்த மே மாதத்துக்கு.