ஈகோ வேன்: இடது முன் சக்கரம் மட்டும் பிரேக் பிடிச்சே நிக்குது

கேள்வி:
2014 ஈகோ. கொஞ்ச தூரம் ஓட்டினாலே இடது முன் சக்கரம் கொதிக்குது. ஜாக்கியில தூக்கினா கையால சுத்த முடியல. பிரேக் பேட் (டிஸ்கை அழுத்திப் பிடிக்கிற கட்டை) உள் பக்கம் 2 மி.மீ., வெளிப் பக்கம் 7 மி.மீ. வலது பக்கம் ரெண்டும் சமம். முழு காலிப்பர் (பேடை டிஸ்க் மேல அழுத்துற பாகம்) மாத்தாம, அதுக்குள்ள இருக்கிற ரப்பர் சீல் கிட் மட்டும் போட்டு வீட்டிலயே சரி பண்ணலாமா?

பதில் 1:
பண்ணலாம் சார். கிட் வாங்குறதுக்கு முன்னாடி ஒண்ணு பாருங்க. சக்கரம் இறுகி நிக்கும்போதே பிளீடரை (காலிப்பர்ல ஆயிலையும் காத்தையும் வெளியேத்துற திருகு) அரைச் சுத்து திறங்க. ஆயில் பீய்ச்சி, சக்கரம் விட்டுடுச்சுன்னா காலிப்பருக்கு பிரேக் ஆயில் கொண்டு வர்ற ரப்பர் ஹோஸ் உள்ளுக்குள்ள வீங்கி ஆயிலைத் திரும்ப விடல. காலிப்பரைக் கழட்டிப் பிரயோஜனம் இல்ல. அப்பவும் இறுக்கம்னா பிஸ்டன் (பேடைத் தள்ளுற உருளை) அல்லது ஸ்லைடு பின் (காலிப்பர் பக்கவாட்டில நகர்ற கம்பி). உள் பேட் மட்டும் தேய்ஞ்சிருக்கிறதால எனக்கு ஸ்லைடு பின் மேலதான் சந்தேகம். அந்தக் கம்பி துரு பிடிச்சா காலிப்பர் பக்கவாட்டில நகராது, வெளி பேட் சும்மா உக்காந்திருக்கும்.

பதில் 2:
எப்படியும் கழட்டப் போறீங்க, பிஸ்டனையும் பாத்துடுங்க. ஸ்டாண்ட் வெச்சு, பின் சக்கரத்துக்குக் கல் கொடுங்க. காலிப்பரைக் கம்பியில கட்டித் தொங்க விடுங்க, ஹோஸ்ல தொங்கக் கூடாது. பேடை எடுத்துட்டு அந்த இடத்துல மரக்கட்டை வெச்சு பெடலை மெதுவா மிதிச்சா பிஸ்டன் தானா வெளிய வரும். கம்ப்ரசர் காத்து அடிக்காதீங்க, விரல் நசுங்கும்.

பழைய சீலை மரக்குச்சியால எடுங்க. ஸ்க்ரூடிரைவர் பட்டா பள்ளத்துல கீறல் விழும். கழுவ பிரேக் ஆயில் அல்லது பிரேக் கிளீனர் மட்டும். பெட்ரோல், டீசல் பட்டா ரப்பர் ஊதிடும். புது சீலைப் புது ஆயில்ல நனைச்சு, முறுக்கு இல்லாம உக்கார வெச்சு, பிஸ்டனை நேரா இறக்குங்க. கட்டைவிரல் அழுத்தத்துக்கே இறங்கணும். இறங்கலைன்னா சாய்ஞ்சிருக்கு, சுத்தியலைத் தேடாதீங்க.

கேள்வி கேட்டவர்:
பிஸ்டன்ல ஊசி முனை அளவு நாலஞ்சு துருக் குழி இருக்கு. எமரி பேப்பர் போட்டுத் தேய்க்கலாமா?

பதில் 2:
வேண்டாம் தம்பி. சீல் உரசுறது பிஸ்டன் மேலதான். எமரி போட்டா மேல் முலாம் போயிடும், சீக்கிரமே கசியும். பிஸ்டன் புதுசு போடுங்க. ஆனா சிலிண்டர் உள்சுவர்ல, சீல் பள்ளத்துக்கு வெளிய லேசான கறை இருந்தா பரவாயில்ல.

பதில் 3:
விட்டுப் போனது சில: ஸ்லைடு பின்னுக்குச் சிலிகான் கிரீஸ் மட்டும், அதுவும் மெல்லிசா. சாதா சேசிஸ் கிரீஸ் போட்டா பூட் (அந்தப் பின்னை மூடுற ரப்பர் உறை) வீங்கித் திரும்பவும் இறுகும். ஹோஸ் போல்ட்டுக்கு ரெண்டு பக்கமும் புது செம்பு வாஷர். ரெண்டு பக்கக் காலிப்பரையும் ஒண்ணா கழட்டினா இடம் மாத்தி மாட்டிடாதீங்க, பிளீடர் கீழ வந்து காத்து வெளியேறாது. பேட் ரெண்டு சக்கரத்துக்கும் சேர்த்து மாத்துங்க.

எல்லாம் மாட்டின பிறகு பிளீடர் வழியா காத்து எடுக்கும்போது பிரேக் ஆயில் டேங்க்ல ஆயில் குறையவே விடாதீங்க. பிளீடரை மூடின பிறகுதான் பெடல்ல இருந்து காலை எடுக்கணும். வண்டியை நகர்த்துறதுக்கு முன்னாடி பெடல் கெட்டியாகுற வரைக்கும் மிதிங்க, முதல் மிதி தரை வரைக்கும் போகும். அஞ்சு கி.மீ. ஓட்டிட்டு ரெண்டு முன் சக்கர ரிம்மையும் லேசா தொட்டுப் பாருங்க. சூடு ஒரே அளவு இருந்தா சரி. டிஸ்கைத் தொட்டுடாதீங்க.