மத்தேயு 18: இரண்டாம் படியிலேயே நின்றுவிட்டது

எங்கள் கிறிஸ்தவ சபையின் மூப்பர் இருவருக்குள் கட்டட நிதிக் கணக்கில் தகராறு. 4 மாதமாகப் பேச்சில்லை. திருவிருந்து (அப்பமும் ரசமும் பகிரும் ஆராதனை) அன்றும் ஆளுக்கொரு பக்கம்தான்.

பைபிளில் மத்தேயு 18:15-17 சொல்லும் முறைப்படியே போனோம்: முதல் படி தனியே பேசுவது, இரண்டாம் படி சாட்சிகளோடு, மூன்றாவது சபைக்குக் கொண்டுபோவது. முதலில் தனியே, இரண்டு தடவை. பிறகு இரண்டு சாட்சிகளோடு: ஆளுக்கு 10 நிமிடம், குறுக்கே பேசக்கூடாது, கேட்டவர் அதைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்லவேண்டும். அங்கேதான் உடைந்தது. "நான் திருடினேன்னு சொல்ற, அவ்வளவுதானே" என்று திருப்பிச் சொன்னதே அடுத்த சண்டையாகிவிட்டது. போதாததற்குச் சாட்சிகளில் ஒருவர் ஒரு தரப்புக்கு மைத்துனர் (எங்கள் தவறுதான்). வவுச்சர்களைச் சரிபார்த்தாயிற்று, தொகை சரி. மிச்சமிருப்பது கூட்டத்தில் எல்லார் முன்னும் விழுந்த ஒரு சொல். காணிக்கை செலுத்துமுன் சகோதரனோடு ஒப்புரவாகு என்னும் மத்தேயு 5:23-24 வாசித்தும் யாரும் இறங்கி வரவில்லை.

சபைக்குக் கொண்டுபோகுமுன், சம்பந்தமில்லாத சாட்சிகளை வைத்து இரண்டாம் படியை மறுபடி நடத்துவதா, வேறு சபையிலிருந்து நடுவரை அழைப்பதா?