மறு: அச்சுச் செலவா, அச்சோட்டமா?

அன்புள்ள குழுவினருக்கு,

சனிக்கிழமை ஐடிஐ பிள்ளைகளுக்கு வகுப்பு. வீட்டில் கையால் சுழற்றும் மில்லிங் மெஷினுக்கு ஸ்டெப்பர் மோட்டார் (ஸ்டெப் ஸ்டெப்பாகச் சுழல்வது) மாட்டி சிஎன்சி, அதாவது கணினி சொல்கிறபடி ஓடும் மெஷின் ஆக்கியதைக் காட்டப்போகிறேன். கையேட்டில் ஒரு பக்கம் பாக்கி. மோட்டாருக்குச் சுற்றுக்கு 200 ஸ்டெப், மோட்டாரை ஓட்டும் டிரைவர் சர்க்யூட்டில் ஒவ்வொன்றையும் எட்டாகப் பிரித்தால் 1600. திருகு ஒரு சுற்றுக்கு மேசையை 5 மி.மீ. தள்ளும். ஆக மி.மீ.க்கு 320 ஸ்டெப். 100 மி.மீ. போகச் சொல்லி 99.5 தான் போனால், 320-ஐ 321.6 ஆக்க வேண்டும். கேலிபரேஷன் என்கிற இந்த வேலைக்குத் தமிழில் என்ன பெயர்? வெள்ளி இரவு கையேடு அச்சுக்குப் போகிறது.

— நாகர்கோவில்

தம்பி,

சங்கப் பாடல்களில் செலவு என்றால் பயணம். பொருள் தேடக் கிளம்பிய தலைவன் தயங்கி நிற்பதைச் செலவழுங்குதல் என்கிறோம். ஆகவே மேசை அச்சு (axis) வழியே போவது ‘அச்சுச் செலவு’, அதைத் திருத்துவது ‘செலவொப்பம்’. செல்வமும் ‘செல்’லில் பிறந்தது என்பார்கள், அதை நாலடியார் சகடக்காலுக்கு, அதாவது வண்டிச் சக்கரத்துக்கு ஒப்பிட்டது சும்மாவா? திருகும் சுழல்வதுதானே! தொல்காப்பியப் பாயிரத்தில் வரும் அதங்கோட்டாசான் எங்கள் ஊர்க்காரர் என்றே நாங்கள் கொள்வோம். அந்த ஊரிலிருந்து கொண்டு ‘கேலிபரேஷன்’ என்று எழுத எனக்குக் கை வராது.

— அதங்கோடு

அண்ணாச்சி,

‘அச்சுச் செலவு’ என்று போட்டால், பிள்ளைகள் கையேடு அடித்த கூலி என்றுதான் நினைப்பார்கள். திசைச்சொல்லுக்கும் வடசொல்லுக்கும் தொல்காப்பியரே இடம் கொடுத்திருக்கிறார், நீங்கள் ஏன் கதவைச் சாத்துகிறீர்கள்? பட்டறையில் ‘ஓட்டம்’ என்றால் எல்லோருக்கும் புரியும்; ‘அச்சோட்டம்’ என்றே போடலாம்.

பெயர் கிடக்கட்டும், அந்த 99.5-ஐ உடனே நம்பாதீர்கள். திருகுக்கும் நட்டுக்கும் நடுவே ஆட்டம் இருந்தால், திசை மாறியதும் முதலில் அந்த இடைவெளிதான் தீரும், மேசை அசையாது. அதனால் வரும் குறை 50 மி.மீ.க்கும் 0.5, நூறுக்கும் அதே 0.5. ஸ்டெப் கணக்குப் பிழை என்றால் 50-க்கு 0.25 தான் குறையும். இது தெரியாமல் நான் ஒரு வாரம் ஸ்டெப்பை ஏற்றிக்கொண்டே இருந்தேன்; துளை எல்லாம் தள்ளித் தள்ளி விழுந்தது. ஒரே பக்கத்திலிருந்து வந்து நிறுத்தி அளக்க வேண்டும். இரண்டையும் ‘திருத்தம்’ என்று ஒரே சாக்கில் கட்டாதீர்கள். ஆட்டம் ஆட்டமாகவே இருக்கட்டும்.

— தக்கலை

ஆட்டம் தமிழ்தான், மறுக்கவில்லை. ஆனால் சாமியாட்டமும் ஆட்டம், சீட்டாட்டமும் ஆட்டம். ‘நெகிழ்வு’ என்று சொல்லிப் பாருங்கள். பிரிவில் மெலிந்த தலைவியின் கையில் வளை நெகிழ்வது போலத்தானே தேய்ந்த திருகில் நட்டு நெகிழ்கிறது! ஞெகிழ்வு என்றும் எழுதலாம்.

— அதங்கோடு

ஞெகிழ்வா! பத்தாம் வகுப்பிலேயே இந்த ‘ஞெ’யைப் பார்த்துப் பிள்ளைகள் ஓடுகிறார்கள். ‘அச்சு’ என்றாலே அவர்களுக்கு அச்சுமுறுக்குதான் ஞாபகம் வரும், அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். என் ஓட்டு அச்சோட்டத்துக்கு.

— மார்த்தாண்டம் டீச்சர்

மணி பதினொன்று. ‘அச்சோட்டத் திருத்தம்’, ‘ஆட்டம்’ என்று போட்டு அனுப்பிவிட்டேன். அண்ணாச்சிக்காக ஆட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு இடத்தில் நெகிழ்வும் உண்டு. தக்கலை அண்ணன் சொன்ன 50, 100 சோதனையையும் சேர்த்தாயிற்று.

— நாகர்கோவில்

தம்பி, அச்சு எங்கே ஓடுகிறது? ஓடுவது மேசை. என் மறுப்பைக் குறித்துக்கொள்ளவும்.

— அதங்கோடு