மே 17: மகனுக்கு முதல் ஊர்வலம், என்னென்ன செய்ய வேண்டும்?

கோவைக்காரன்:
வணக்கம். வேலை நிமித்தம் இந்த ஜனவரியில் நோர்வே நாட்டின் ஸ்டவாங்கர் நகருக்கு வந்தோம். மகன் முதல் வகுப்பு. இங்கே தேசிய நாளான மே 17 பற்றிப் பள்ளியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. நல்ல உடை, கையில் கொடி, ஊர்வலம் என்று எழுதியிருக்கிறார்கள். அப்புறம் நாங்கள் ஒரு கேக் செய்து கொண்டுவர வேண்டுமாம், மதியம் ஐஸ்கிரீம் விற்கும் மேசையில் கொஞ்ச நேரம் நிற்க வேண்டுமாம். நம்மூரில் ஆகஸ்ட் 15 என்றால் கொடியேற்றம், பேச்சு, மிட்டாய், பத்து மணிக்கெல்லாம் வீடு. இங்கே எப்படி? மனைவி புடவை கட்டி வந்தால் வித்தியாசமாகப் பார்ப்பார்களா? நாங்கள் சைவம், ஆனால் முட்டை உண்டு.

ஒஸ்லோ அக்கா:
தம்பி, அன்றைக்கு வேறு எந்த வேலையும் வைத்துக்கொள்ளாதீர்கள். காலை எட்டு மணிக்குக் கொடி ஏறும். அதையொட்டி அக்கம்பக்கத்தார் ஒரு வீட்டில் கூடி, பாண் (பிரெட்), கிளறிய முட்டை, புகையூட்டிய சால்மன் என்று காலைச் சாப்பாடு சாப்பிடுவார்கள். யாராவது கூப்பிட்டால் கட்டாயம் போங்கள். பார்க்கிற எல்லோருக்கும் "கிராத்துலேரர் மெ டாகன்" என்று சொல்லுங்கள், அதுதான் அன்றைய வாழ்த்து.

பிறகு பிள்ளைகளின் ஊர்வலம். முன்னால் பள்ளியின் பெயர் தைத்த பெரிய பதாகை. அதன் பின்னால் பள்ளி வாத்தியக் குழு. குளிர்காலம் முழுக்கப் பயிற்சி எடுத்த பிள்ளைகள், தங்கள் கைக்கு எட்டாத நீளத்துக்கு டிரம்போனை இழுத்து ஊதிக்கொண்டு வருவார்கள். அதன் பின்னால் வகுப்பு வகுப்பாக மற்றப் பிள்ளைகள், "ஹிப் ஹிப் ஹுர்ரா" என்று தொண்டை கட்டும்வரை கத்திக்கொண்டு. ஒஸ்லோவில் நூற்றுக்கும் அதிகமான பள்ளிகள் கார்ல் யூஹான் வீதியால் அரண்மனைக்குப் போகும். அரச குடும்பம் மாடத்தில் நின்று ஒவ்வொரு பள்ளிக்கும் கையசைக்கும்.

பீரங்கி வண்டி கிடையாது, போர் விமானம் கிடையாது. நான் வளர்ந்த இலங்கையில் தேசிய நாள் என்றால் இராணுவ அணிவகுப்புத்தான். ஒரு நாடு தன் பெரிய நாளில் ஆறு வயதுப் பிள்ளைகளைத் தெருவின் நடுவில் நடக்கவிட்டு, பெரியவர்கள் ஓரமாக நின்று கைதட்டுவதை இங்கேதான் கண்டேன். இன்றைக்கும் என் கண் கலங்கும்.

இந்த வழக்கம் சும்மா வந்ததில்லை. 1814 ஜனவரியில் கீல் ஒப்பந்தப்படி டென்மார்க் நோர்வேயை சுவீடனுக்குக் கொடுத்துவிட்டது. அதை ஏற்காமல் ஏய்ட்ஸ்வோல் என்ற இடத்தில் 112 பேர் கூடி, ஐந்தே வாரத்தில் அரசியலமைப்பை எழுதி மே 17இல் முடித்தார்கள். ஆகவே இது சுதந்திர தினம் இல்லை, அரசியலமைப்பு நாள். அந்த வருடமே சுவீடனோடு சேர வேண்டி வந்தது, 1905இல்தான் பிரிந்தார்கள். நடுவில் இரண்டு நாட்டுக்கும் மன்னராக இருந்த கார்ல் யூஹானுக்கு இந்தக் கொண்டாட்டம் பிடிக்கவில்லை. தடை போட்டார். 1829இல் தலைநகரின் சதுக்கத்தில் கூடியவர்களைக் குதிரைப்படை விரட்டியது. இன்று பிள்ளைகள் கொடியோடு நடக்கும் வீதிக்கு அதே மன்னரின் பெயர்தான்! 1870இல் எழுத்தாளர் பியோர்ன்சன் முன்னின்று தலைநகரில் பையன்களின் ஊர்வலத்தைத் தொடங்கினார். பெண்பிள்ளைகள் சேர 1889 ஆனது. ஜெர்மன் ஆக்கிரமிப்பின்போது மறுபடி தடை. 1945இல் விடுதலை கிடைத்து ஒன்பதாம் நாளே மே 17. அன்று தெருவில் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

புடவைக்கு வருகிறேன். தாராளமாகக் கட்டட்டும். அன்று பலர் புனாட் போடுவார்கள். ஊருக்கு ஊர் நிறமும் தையலும் மாறும் கம்பளி உடை. நெஞ்சில் குத்தும் வெள்ளி ஊசியில் குட்டிக் குட்டித் தகடுகள் தொங்கும், நடக்கும்போது சலசலக்கும். ஒரு முழு செட் பல பத்தாயிரம் குரோனர் ஆகும். நீங்கள் வாங்க வேண்டாம். பட்டுப் புடவையில் சிவப்பு, வெள்ளை, நீல ரிப்பனை இடது பக்கம் குத்திவிட்டால் போதும். என் பக்கத்து வீட்டுப் பாட்டி ஒவ்வொரு வருடமும் என் சேலைக் கரையைத் தொட்டுப் பார்த்து நெசவைப் பற்றிக் கேட்பார். குளிருக்கு உள்ளே கம்பளி போடச் சொல்லுங்கள்.

பேர்கன் மழை:
அக்கா சொன்னதில் ஒரு சின்னத் திருத்தம். ஒஸ்லோ ஊர்வலத்தில் இராணுவத்தைச் சேர்ந்த அரண்மனைக் காவல்படையின் வாத்தியக் குழுவும் போகும். எங்கள் பேர்கனில் பூவெகோர்ப்ஸ் என்று பிள்ளைகளின் படைகளே உண்டு, மரத் துப்பாக்கியும் முரசுமாக. ஏப்ரலிலேயே தெருவெல்லாம் முரசுச் சத்தம்தான். ஆனாலும் நாள் பிள்ளைகளுடையதுதான், அதில் மறுப்பில்லை.

சிவப்புக் காற்சட்டை போட்ட இளைஞர்களைக் கண்டு பயப்பட வேண்டாம். மேல்நிலைப் பள்ளி முடிப்பவர்கள், ரூஸ் என்பார்கள். அவர்களிடம் சொந்தப் படமும் வேடிக்கை வரியும் அச்சடித்த அட்டைகள் இருக்கும். சின்னப் பிள்ளைகள் ஓடி ஓடி வாங்கிச் சேர்ப்பார்கள். மகனுக்கு ஒரு பையைக் கொடுத்துவிடுங்கள்.

கோவைக்காரன்:
இருவருக்கும் நன்றி. மனைவியிடம் வாசித்துக் காட்டினேன், பச்சைப் பட்டு முடிவாகிவிட்டது. கேக் மேசை, ஐஸ்கிரீம் மேசை வேலையை மட்டும் கொஞ்சம் சொல்லுங்கள் அக்கா. மறுத்தால் தவறாக எடுப்பார்களா?

ஒஸ்லோ அக்கா:
மறுக்காதீர்கள் தம்பி. எல்லோரும் கூலியில்லாமல் சேர்ந்து செய்யும் இந்த வேலைக்கு துக்னாட் என்று பெயர். இந்த நாட்டில் மனிதர்களோடு பழக இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. நான் மேசையில் நின்று பழகிய தாய்மார்தான் பிறகு என் மகளைத் தங்கள் காரில் நீச்சலுக்குக் கூட்டிப் போனார்கள். ஊர்வலம் முடிந்ததும் பள்ளி முற்றத்தில் சாக்கு ஓட்டம், கரண்டியில் உருளைக்கிழங்கு வைத்து ஓடும் போட்டி எல்லாம் நடக்கும். பிள்ளைகள் அன்று எத்தனை ஐஸ்கிரீம் கேட்டாலும் தடை சொல்வதில்லை, நீங்களும் சொல்லாதீர்கள். சாப்பாட்டில் தொத்திறைச்சியை விட்டுவிடுங்கள். எங்காவது ரொம்மெகுரோட் கிடைத்தால் சாப்பிட்டுப் பாருங்கள், புளித்த பாலாடையில் கிண்டிய கஞ்சி, மேலே சீனியும் கறுவாவும் தூவித் தருவார்கள். கேக் சதுரத் தட்டில் செய்தால் வெட்டிக் கொடுக்க லேசு. முந்திரி, பாதாம் போட்டால் ஒரு தாளில் எழுதித் தட்டில் ஒட்டிவிடுங்கள், ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் இருப்பார்கள். தட்டின் அடியில் உங்கள் பெயரையும் எழுதுங்கள், இல்லாவிட்டால் திரும்பி வராது.